கொலோசியத்தில் நான் அடித்த ஆணிகள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நான்கு மணி. இடம், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற சாலையில் பொருட்காட்சி போட்டிருந்த மைதானம். அன்றைக்கு நடந்ததை எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். காற்று அடித்தது, இரண்டு தகரம் பறந்தது, அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களே அதிகம். அவ்வளவுதான் இல்லை. ஆணி அடித்தவன் நான், அதனால் நான் சொல்கிறேன். நடுவில் வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பந்தல் வேலை பார்க்கிறேன். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் கம்பு நட்டு, கயிறு கட்டி, முகப்பு செய்து கொடுப்பேன். பெயின்ட் வேலையும் நன்றாக வரும். கூடவே பிறந்தது பயம். பந்தல் கட்டி முடித்து மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகும் நான் ஒவ்வொரு கம்பாகப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். தாலி கட்டுகிற நேரத்தில் கல்யாண வீடே மேடையைப் பார்க்கும், நான் மட்டும் கூரையைப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அதுதான் என் குணம்.

அந்த வருஷம் பொருட்காட்சி மேனேஜர் போனில் ஒரு படம் அனுப்பி, முகப்பு இதே மாதிரி வேண்டும் என்றார். அடுக்கடுக்காக வளைவுகள், ஒரு பக்கம் இடிந்து நிற்கிற பிரம்மாண்டமான கட்டிடம். கோயிலா, சர்ச்சா, அரண்மனையா, ஒன்றும் புரியவில்லை. தெரியாத ஒன்றைச் செய்து வைத்து, அதில் ஏதாவது தப்பாகி, நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டால்? அவரிடமே கேட்டேன். ரோமில் உள்ள பழைய ஸ்டேடியம், கொலோசியம் என்று பெயர், அதற்கு மேல் உனக்கு எதற்கு என்றார். எனக்கு அதற்கு மேல்தான் வேண்டியிருந்தது. எழுதித் தேடுவது எனக்குக் கஷ்டம். அதனால் போனிடம் வாயாலேயே கேட்டேன். தமிழில் விளக்குகிற வீடியோக்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு வாரம், சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான வயசு அந்தக் கட்டிடத்துக்கு. ஊர் நடுவில் ஒரு சக்கரவர்த்தி தன் அரண்மனைக்காக ஏரி வெட்டி வைத்திருந்தானாம். அவன் காலம் முடிந்தபிறகு பட்டத்துக்கு வந்த ஒருவர், ஏரித் தண்ணீரை வடித்துவிட்டு, அந்த இடத்திலேயே ஊர் ஜனங்களுக்கென்று இதைக் கட்ட ஆரம்பித்தார். அவர் மகன் காலத்தில் திறப்பு விழா நடந்தது. கட்டிட அமைப்பு சரியான வட்டம் இல்லை, நீள்வட்டம். வெளிச்சுவர் நூற்றைம்பது அடிக்கு மேல் உயரம். கீழே மூன்று அடுக்கும் வளைவுகள், நாலாவது அடுக்கு சின்னச் சின்ன ஜன்னல் வைத்த சுவர். வெளியே உள்ள பெரிய கற்களைச் சாந்து வைக்காமல் இரும்புக் கவ்வி போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். உள்ளே செங்கல்லும் கான்கிரீட்டும். அந்தக் காலத்திலேயே அவர்களிடம் கான்கிரீட் இருந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்த இரும்பைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனதால் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள். நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கத்து வெளிச்சுவர் சரிந்தபோது, விழுந்த கல்லை அள்ளிக்கொண்டு போய் மாளிகையும் சர்ச்சும் கட்டிக்கொண்டார்களாம்.

எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. உச்சியில் சுற்றிலும் கம்பம் நட்டு, கயிறு கட்டி, துணியை இழுத்து வெயிலுக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்குக் கப்பலில் பாய்மரம் கட்டுகிற ஆட்களை வைத்திருந்தார்கள். காற்றும் கயிறும் தெரிந்தவன்தானே பந்தல்காரன். அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கட்டிடத்தோடு ஏதோ சொந்தம் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் என் மனசில் ஆழமாகப் போய் உட்கார்ந்தது வாசல் கணக்குதான். தரையோடு எண்பது வளைவுகள். எண்பதும் வாசல். நாலு வாசல் பெரிய மனிதர்களுக்கு, மற்ற எழுபத்தாறும் பொது ஜனங்களுக்கு. ஒவ்வொன்றின் தலையிலும் எண் வெட்டியிருக்கிறது. வருகிறவன் கையில் உள்ள சீட்டிலும் அதே எண். இன்ன வாசல், இன்ன படி, இன்ன இடம். ஐம்பதாயிரம் பேர் இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும் என்கிறார்கள். உள்ளே நடந்ததெல்லாம் கொடுமை. மனிதனை மனிதன் வெட்டிக் கொல்வதையும், மிருகத்தை ஏவிக் கொல்வதையும் உட்கார்ந்து ரசித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாவிகள்கூட, வேடிக்கை பார்க்க வந்தவன் பத்திரமாக வெளியே போக எண்பது வாசல் வைத்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் கொலோசியத்துக்கு வருவோம். இரும்புக் குழாய், சவுக்குக் கம்பு, பிளைவுட், மேலே பெயின்ட் அடித்த துணி. கீழ் வரிசையில் பதினைந்து வளைவுகள். நடு வளைவு மட்டும் வாசல், மற்றதெல்லாம் வரைந்தது. முகப்புக்குப் பின்னால், சாரலுக்கு நனையாமல் இருக்க, மைதானம் முழுவதும் தகரமும் தார்ப்பாயும் போட்ட பெரிய கொட்டகை. அதற்குள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிற ஒரே பாதை. இரண்டு பக்கமும் கடைகள். வளையல் கடை, பிளாஸ்டிக் சாமான், ஊறுகாய், பஜ்ஜி, கடைசியாகப் பெரிய அப்பளம். அதையும் தாண்டினால், ஆள் ஒருவர் மட்டும் போகிற அகலத்தில் கம்பி கட்டின சந்து. அதுதான் வெளியே போகிற வழி. பொருட்காட்சி நடத்துகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான் போடுவார்கள். உள்ளே வந்தவன் ஒரு கடையையும் விடாமல் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. யாரையும் கேட்காமல், முகப்பின் இரண்டு கோடியிலும் உள்ள வளைவுகளைப் பலகை அடிக்காமல் நிஜமாகவே திறந்து வைத்து, துணித் திரை மட்டும் தொங்கவிட்டிருந்தேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"ஏலே, அங்கன ரெண்டு ஓட்டை என்னத்துக்கு?"

ஏதாவது அவசரம் என்றால் ஜனங்கள் வெளியே போகட்டும் என்று வைத்தேன் அண்ணாச்சி என்றேன். ரோமில் எண்பது வாசல் இருந்ததையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சுற்றி நின்ற கடைக்காரர்கள், எலெக்ட்ரீஷியன், என் கூட வேலை செய்கிறவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் அதோடு விடவில்லை.

"அவசரம்னா கக்கூசுக்குத்தாம்லே போவான். ரோமுல எண்பது வாசல் வச்சவன் அப்பளக் கடையா வச்சிருந்தான்? அடிலே ஆணிய."

அடித்தேன். நாலு அங்குல ஆணி, வளைவுக்குப் பதினாறு. எனக்குத் தெரிந்தே, எண்ணியே அடித்தேன். அது போதாதென்று மேனேஜருக்கு இன்னொரு யோசனை வந்தது. மூடின இரண்டு வளைவுக்கும் உள்பக்கத்தில் வானம் வரையச் சொன்னார். கொலோசியத்துக்கு உள்ளே நின்று வெளியே பார்க்கிற மாதிரி, வளைவுக்கு அந்தப் பக்கம் நீல வானமும் மேகமும் வெளிச்சமும். ஜனங்கள் நின்று போட்டோ எடுப்பார்கள் என்றார். வரைந்தேன். நன்றாக வரைந்தேன். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால்தான் பலகை என்று தெரியும். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் ஆணியை மறந்தேன். என்னைப் பற்றி நினைக்கும்போது எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருப்பது அந்த இடத்தில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருவியில் தண்ணீர் அதிகமாகி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அருவி அடைத்தால் வந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? கேரளாக்காரர்கள், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், உள்ளூர்க்காரர்கள், அத்தனை பேரும் வேனைத் திருப்பிக்கொண்டு பொருட்காட்சிக்கு வந்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் உள்ளே நிற்க இடம் இல்லை. மேனேஜர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தவில்லை.

இலஞ்சியிலிருந்து என் அக்காவும் வந்திருந்தாள். எனக்கு மூத்தவள். சின்ன வயசில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. கட்டை ஊன்றித்தான் நடப்பாள். பீடி சுற்றுகிறாள். தம்பி கட்டின கொலோசியத்தைப் பார்க்காமல் சீசன் முடியக் கூடாது என்று பிடிவாதமாக வந்துவிட்டாள். இவ்வளவு கூட்டத்தில் வேண்டாம், நாளைக்கு வா என்று சொன்னேன்.

"ரோமுக்குப் போவ விசா வேணுமாம்லா. எனக்கு நீ ஒரு பாஸ் வாங்கித் தந்தா போதும். எறும்பு கடிச்சாலும் ஆம்புலன்சு தேடுத ஆளு நீ. போலே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

நான் முகப்பின் இடது கோடியில், வெளிப்பக்கம் ஏணியில் நின்று, காற்றில் படபடத்த துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற காற்றை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை இடுக்கு வழியாக வந்து ஆளையே தள்ளும். அன்றைக்குக் காற்றோடு மழையும் சேர்ந்து இறங்கியது. கொட்டகை நடுவில் தார்ப்பாய் கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்து ஒரு தகரம் கழன்று, டமார் டமார் என்று அடித்துக்கொண்டு எழும்பியது. எலெக்ட்ரீஷியன் கரன்டை நிறுத்தினான், அது ஒன்றுதான் அன்றைக்கு யாரோ செய்த சரியான காரியம். ஆனால் உள்ளே திடீரென்று இருட்டியதும், பந்தல் விழுகிறது என்று யாரோ கத்திவிட்டார்கள்.

பின்னால் இருந்த சந்து, ஜனங்கள் முண்டியடித்ததில் ஒரு நிமிஷத்தில் அடைத்துக்கொண்டது. முன்பக்கம் இருந்தவர்கள் வந்த வழியே திரும்பி ஓடி வந்தார்கள். அங்கே என்ன நடந்தது தெரியுமா? டிக்கெட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் மழைக்கு ஒதுங்க உள்ளே தள்ளிக்கொண்டு வர, டிக்கெட் இல்லாமல் நுழைகிறார்கள் என்று வாசல் ஆட்கள் இரும்புக் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருக்கிறவனின் உயிரை விட, வெளியே இருக்கிறவனின் டிக்கெட் பெரிதாகப் போய்விட்டது.

வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் வேறு எங்கே ஓடுவார்கள்? அரை இருட்டில் இரண்டு கோடியிலும் வெளிச்சமாக வானம் தெரிந்தது. அதைப் பார்த்து ஓடி வந்தார்கள். நான் வரைந்த வானத்தைப் பார்த்து.

ஏணியில் நின்றுகொண்டே முதல் மோதலை உணர்ந்தேன். முகப்பு முழுவதும் அதிர்ந்தது. பிறகு பலகையில் கைகள் அடிக்கிற சத்தம். நிறையக் கைகள். குழந்தைகள் அழுகிற சத்தம். "மோளே, மோளே" என்று ஒரு கேரளா அம்மா தன் மகளை விடாமல் கூப்பிட்ட குரல். அதற்கு நடுவில், தாழ்வாக, கட்டையால் இடிக்கிற சத்தம் ஒன்று கேட்டது. அக்காவின் கட்டை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இடுப்பில் கயிறு வெட்டுகிற கத்தி மட்டும் இருந்தது. கடப்பாரை கொட்டகைக்கு உள்ளே. நகத்தை வைத்துப் பலகை விளிம்பைப் பிடித்து இழுத்தேன். நான் அடித்த ஆணி அசையுமா? என் வேலை அவ்வளவு உறுதி.

ரோட்டோரம் இளநீர் விற்கிற ஒரு ஆள், அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியிராத ஆள், அரிவாளோடு மழையில் ஓடி வந்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

"ஆணி எங்கன இருக்குன்னு மட்டும் காட்டு" என்றார்.

இதைவிடச் சரியாக என்னால் காட்ட முடிந்தது வேறு எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். உள்ளே இருப்பவர்கள் மேல் வெட்டு விழக் கூடாது என்று ஓரமாகவே, ஆணிக்குப் பக்கத்திலேயே, இளநீர் சீவுகிற மாதிரி பலகையைச் சீவினார். ஒவ்வொரு ஆணியாக விட்டது. கீழ் மூலை விட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து இழுத்தோம். வானம் இரண்டாகப் பிளந்து எங்கள் மேல் விழுந்தது. அதன் மேல் ஜனங்கள் விழுந்தார்கள். தூக்கித் தூக்கி வெளியே விட்டோம். அதைப் பார்த்து ஓடிய வேன் டிரைவர்கள் வலது கோடியையும் ஜாக்கிக் கம்பியால் பெயர்த்தார்கள்.

அக்கா பலகையோடு ஒட்டி, மூலையில் கிடந்தாள். கட்டையைக் குறுக்கே கொடுத்து முட்டுக்கொடுத்திருந்தாள். அந்தச் சின்ன இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் நசுங்காமல் உட்கார்ந்திருந்தன. ஒன்று அந்தக் கேரளா அம்மாவின் பெண். கட்டை முறியவில்லை. அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. இன்னும் ஆறேழு பேருக்குக் கை, கால் முறிவு. ஒருவரும் சாகவில்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் விஷயத்தை முடிக்கிறார்கள். சாகவில்லை என்றால் நடக்கவே இல்லை என்று அர்த்தமா?

மறுநாள் காலை அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவனை மேனேஜர் போனில் கூப்பிட்டார். அவளைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்து மைதானத்துக்குப் போனேன். யாரைக் கேட்டு முகப்பை உடைத்தாய் என்று கேட்டார். மத்தியானத்துக்குள் புதுப் பலகை அடித்துவிடு, வானத்தைப் பிறகு வரைந்துகொள்ளலாம் என்றார்.

"நேத்து உள்ள கெடந்தது எங்க அக்கா, அண்ணாச்சி."

"பொழச்சிட்டால்லா. பொறவு என்ன?"

நான் யார் மேலும் கை நீட்டினவன் இல்லை. அன்றைக்கு அருகில் ஒரு சுத்தியல் கிடந்தது. அதைக் குனிந்து எடுத்து, முடிந்த மட்டும் தூரத்தில் எறிந்தேன். கையில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. இனி இந்த ஆள் அடிக்க மாட்டான், அடிக்கவும் விட மாட்டான் என்று சொல்லிவிட்டு, உடைந்த வளைவின் நடுவிலேயே உட்கார்ந்தேன். இளநீர்க்காரர் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். வேறு வியாபார இடமா இல்லை என்று மேனேஜர் கேட்டதற்கு, இங்கனதான் நல்ல காத்து வருது என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலில் திறந்து வைத்ததை, மற்றவர்கள் சிரித்ததை, நான் அடித்ததை, வரைந்ததை. அவள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். பீடி சுற்றுகிற கை அது.

"நீ பயந்தவன்னு ஊருக்கே தெரியும்லே. அதுல ஒரு வெக்கமும் கெடையாது. பயந்துக்கிட்டே ஆணி அடிச்சிருக்க பாரு, அதான் எனக்கு ஆற மாட்டுக்கு."

அடுத்த நாள், நடந்ததையெல்லாம் மனுவாக எழுதி, கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு போனேன். மூன்று தாள் கிழித்து நாலாவது தாளில் எழுதினேன். வாங்கிப் படித்த அதிகாரி, வாசலை அடைத்தது யார் என்று இதில் இல்லையே என்றார். அடைக்கச் சொன்னவர் பெயரை எழுதியிருக்கிறேன் என்றேன். அடித்தது யார் என்று மறுபடி கேட்டார். அதையும் எழுதினால் உங்களையும் விசாரிப்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். என் வாழ்க்கையில் ஆயிரம் விஷயத்துக்கு யோசித்து யோசித்துச் செத்திருக்கிறேன். அதற்கு மட்டும் யோசிக்கவில்லை. அங்கேயே நின்று, 'ஆணி அடித்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். நாலு பக்கமும் வழி திறக்க வைத்தார்கள். என்னையும் மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். பொருட்காட்சி மறுபடியும் நடந்தது, ஜனங்கள் திறந்த வளைவிலும் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பொருட்காட்சிக்காரரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. அக்காவின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதும் சுற்றுகிறாள், முன்பு சுற்றினதில் பாதிதான் வருகிறது.

மேனேஜர் மேல் எனக்குக் கோபம் உண்டு, கேட்டைப் பூட்டியவர்கள் மேல் உண்டு, சுற்றி நின்று சிரித்தவர்கள் மேல் உண்டு, எல்லாவற்றையும் விட என் மேல் உண்டு. மூன்று வருஷமாகியும் அது ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்றே இருக்கிறேன். அது ஆறிப்போன அன்றைக்கு, யாராவது 'அடிலே' என்று சொன்னவுடன் என் கை தானாகச் சுத்தியலைத் தேடிப் போய்விடும்.